ஐபி-10: தலையில் இரண்டு அமினோ அமிலம் போனால்

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் நோய் எதிர்ப்பியல் ஆய்வு நடக்கும் ஒரு லேபுக்குத் தெர்மோகோல் பெட்டி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் ஐஸ் ஜெல் பைகள். நடுவே ஒரு ஜிப் கவர். கவருக்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குப்பி. மூடியைத் திறந்தால் உள்ளே எதுவும் தெரியாது. "காலிக் குப்பியை அனுப்பிட்டாங்க போல, மேடம்" என்று புதிதாகச் சேர்ந்த மாணவர் சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது. பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். உள்ளே இருப்பது 10 மைக்ரோகிராம் புரதம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. குப்பியின் அடியில் மெல்லிய படலமாக ஒட்டிக் கிடக்கும். விலை பல ஆயிரம் ரூபாய்.

லேபுக்கு வேண்டிய கண்ணாடிச் சாமான், ஆசிட், உப்பு வகைகளைப் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தே வாங்கிவிடலாம். நைனியப்ப நாயக்கன் தெருவுக்குள் நுழைந்தால் மருந்துச் சரக்கும் கெமிக்கலும் மொத்த விலைக்குக் கிடைக்கும். இந்தக் குப்பி மட்டும் அங்கே கிடைக்காது. ஏஜென்சி மூலம் ஆர்டர் போட்டு, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்ததும் லேபிளில் பார்த்தால் ரீகாம்பினன்ட் ஹியூமன் சிஎக்ஸ்சிஎல்10 என்று இருக்கும். பழைய பெயர் ஐபி-10. ஆய்வகங்களில் பலரும் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். மனித உடல் உருவாக்கும் ஒரு கீமோகைன் இது. ஆனால் குப்பியில் இருப்பதை உருவாக்கியது ஈ. கோலை என்கிற பாக்டீரியா. மனிதருக்குச் செலுத்தக் கூடாது, ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற எச்சரிக்கையும் லேபிளிலேயே இருக்கும்.

நோயாளிக்குப் போகாத ஒரு பொருளுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்றால், வடசென்னையில் அதற்கு முதல் பதில் டிபி. ஓட்டேரியில் காசநோய்க்கென்றே ஒரு அரசு மருத்துவமனை இருக்கிறது. 1938இல் கல்லூரியான ஸ்டான்லியின் நெஞ்சகப் பிரிவுக்குப் புளியந்தோப்பிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் இருமலோடு ஆட்கள் வருகிறார்கள். நெருக்கமான வீடுகள், காற்றோட்டம் குறைந்த அறைகள், சுகர், சாராயம், பீடி: டிபிக்குத் தோதான எல்லாம் இந்தப் பகுதியில் இருக்கின்றன. டிபிக்கும் ஐபி-10க்கும் உள்ள உறவு நெருக்கமானது.

முதலில் இந்தப் புரதம் உடலில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கீமோகைன்கள் மிகச் சிறிய புரதங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; கீமோகைன்களில் பெரும்பாலானவை 70 முதல் 100 அமினோ அமிலங்கள் நீளம். மனிதரிடம் ஏறத்தாழ 45 முதல் 50 வகை உண்டு. அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் 20 சொச்சம். ரத்தத்தில் சுற்றும் வெள்ளையணுக்களை, 'இந்தப் பக்கம் வா' என்று குறிப்பிட்ட திசுவுக்கு இழுப்பதுதான் கீமோகைனின் முக்கிய வேலை. நுரையீரலின் ஒரு மூலையில் காசநோய்க் கிருமி புகுந்திருக்கிறது. அந்த இடத்துக்கு டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் போய்ச் சேர வேண்டும். அவற்றுக்குக் கண் கிடையாது, வரைபடம் கிடையாது. நோய்த்தொற்று நடக்கும் இடத்தில் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருள் சுரக்கிறது. அது அங்குள்ள மோனோசைட் என்ற வெள்ளையணுக்களையும் ரத்தக்குழாய் உள்சுவர்ச் செல்களையும் தூண்டுகிறது. அவை ஐபி-10ஐ வெளியே விடுகின்றன. சிஎக்ஸ்சிஆர்3 என்ற ஏற்பியை மேல்பரப்பில் வைத்திருக்கும் டி செல்கள் அதை உணர்ந்து, அளவு குறைவான பக்கத்திலிருந்து கூடுதலான பக்கம் நோக்கி ஊர்ந்து போகின்றன.

'குறைவிலிருந்து கூடுதல்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகுகள் வந்து மீன் இறங்கும் நேரத்தில் தெருப்பூனைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வாடை எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் பூனை நடக்கும். துறைமுகம் முழுக்க ஒரே அளவு வாடை நிறைந்துவிட்டால் அதற்குத் திசை தெரியாது. நின்ற இடத்திலேயே சுற்றும். டி செல்லும் அப்படித்தான். சுற்றிலும் ஐபி-10 சம அளவில் இருந்தால் செல் பரபரப்பாக அசையும், ஆனால் எங்கேயும் போய்ச் சேராது.

ரத்த ஓட்டத்தின் வேகத்தில் இப்படியொரு ஏற்ற இறக்கம் எப்படி நிலைக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கீமோகைன்கள் மின்னூட்டத்தில் நேர்மறையானவை. ரத்தக்குழாயின் உள்சுவரில் ஹெபரான் சல்ஃபேட் என்ற எதிர்மறை மின்னூட்டமுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. கீமோகைன் அதில் ஒட்டிக்கொள்வதால் ரத்தம் அதை அடித்துக்கொண்டு போக முடியாது. இந்த ஒட்டும் தன்மையை மட்டும் நீக்கிய கீமோகைன்களை 2003இல் சோதித்தார்கள். லேப் தட்டில் அவை செல்களை நன்றாகவே இழுத்தன. உயிருள்ள எலிக்குள் இழுக்கவில்லை.

இந்தக் குடும்பத்தின் ஏற்பிகள் வேறு இரண்டு விதத்திலும் சென்னையைத் தொட்டிருக்கின்றன. இந்தியாவில் எச்ஐவி இருப்பது 1986இல் சென்னையில்தான் முதலில் தெரியவந்தது. டாக்டர் சுனிதி சாலமனின் குழு அதைக் கண்டறிந்தது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, எச்ஐவி செல்லுக்குள் நுழைய சிசிஆர்5 என்ற கீமோகைன் ஏற்பியையும் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தது. 2007இல் அந்த ஏற்பியை அடைக்கும் மாராவிராக் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்னொன்று மலேரியா. மாநகராட்சி ஊழியர்கள் மொட்டை மாடித் தொட்டியை எட்டிப் பார்த்து மூடச் சொல்வது வடசென்னை வீடுகளில் பழகிய காட்சி. அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி கொசு அந்தத் தண்ணீரில்தான் முட்டையிடும். அது பரப்பும் வைவாக்ஸ் கிருமி ரத்தச் சிவப்பணுவில் டஃபி என்ற புரதத்தைப் பற்றித்தான் உள்ளே போகிறது. அந்த டஃபியும் ஒரு கீமோகைன் ஏற்பி என்று 1993இல் வெளியானபோது துறைக்காரர்களே கொஞ்சம் ஆச்சரியப்பட்டார்கள். சரி, ஐபி-10க்குத் திரும்பலாம்.

1985இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ லஸ்டரும் சக ஆய்வாளர்களும், இன்டர்ஃபெரான் காமா கொடுத்த செல்களில் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று தேடும்போது இதைப் பிடித்தார்கள். வேலை என்ன என்று அப்போது தெரியாது. இன்டர்ஃபெரான் தூண்டும், ஏறத்தாழ 10 கிலோடால்டன் எடையுள்ள புரதம் என்பதால் ஐபி-10 என்று பெயர். டி செல்லில் அதற்கான ஏற்பி அடையாளம் காணப்பட்டது 1996இல்.

இப்போது டிபி. உடலில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கிருமியின் சில புரதத் துண்டுகளை ரத்தத்தோடு கலந்து ஒரு நாள் கதகதப்பில் வைப்பார்கள். ஏற்கெனவே அந்தக் கிருமியைப் பார்த்த டி செல்கள் அதில் இருந்தால் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும், அதை அளப்பார்கள். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியால் இந்தச் சோதனை குழம்பாது, ஏனென்றால் அந்தப் புரதங்கள் பிசிஜி கிருமியில் இல்லை. சிக்கல், சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா மிகக் கொஞ்சம் என்பது. எச்ஐவி உள்ளவர்களிடமும் சிறு குழந்தைகளிடமும் அது இன்னும் குறையும். அந்தக் கொஞ்சம் இன்டர்ஃபெரான் பக்கத்து செல்களைத் தூண்டி உருவாகும் ஐபி-10 பல மடங்கு கூடுதலாக இருக்கிறது. ஆகவே அதையே அளந்தால் என்ன என்று யோசித்தார்கள். டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய், மாதிரியை வடிதாளில் சொட்டாக வைத்து உலர்த்தி, தபாலில் அனுப்பி அளந்து காட்டினார்கள். ஐஸ் பெட்டி தேவையில்லை. சென்னையின் மே மாத வெயிலில் மாதிரி அனுப்பிப் பழகியவர்கள் இதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இதற்கு எல்லை உண்டு. பதுங்கிய கிருமியா, முற்றிய நோயா என்று ஐபி-10 தனியாகப் பிரித்துச் சொல்லாது. இன்டர்ஃபெரான் சுரக்கும் எந்தத் தொற்றிலும் அது ஏறும்: டெங்குவில் ஏறும், கொரோனாவில் ஏறும். 2020 தொடக்கத்தில் வூஹானின் முதல் 41 நோயாளிகளைப் பற்றி வந்த கட்டுரையில், தீவிர சிகிச்சைக்குப் போனவர்களின் ரத்தத்தில் கூடுதலாக இருந்தவற்றில் ஐபி-10உம் ஒன்று. மழைக்காலத்தில் தண்டையார்பேட்டையில் காய்ச்சலோடு வருபவர் ஒருவரின் ஐபி-10ஐ மட்டும் அளந்து, 'டிபி' என்று சொல்ல முடியாது.

இனி குப்பிக்கு வருவோம். லேபில் அதற்கு இரண்டு வேலை.

ஒன்று, அளவைக்கு. நோயாளியின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், எவ்வளவு ஐபி-10 இருக்கிறது என்று எலிசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து நிறமாகக் காட்டும் சோதனை) பார்க்கும்போது, மெஷின் காட்டுவது நிறத்தின் அடர்த்தியை மட்டுமே. அது எத்தனை பிகோகிராம் என்று சொல்ல, அளவு தெரிந்த ஐபி-10ஐப் படிப்படியாக நீர்த்து அதே தட்டில் ஓட்டி ஒரு கோடு வரைய வேண்டும். அந்தத் தெரிந்த அளவு இந்தக் குப்பியிலிருந்து வருவது. குப்பியில் 10 மைக்ரோகிராம் என்று போட்டு உண்மையில் 7 இருந்தால், அறிக்கையில் வரும் எல்லா நோயாளிகளின் எண்ணும் அதே விகிதத்தில் தப்பு. இரண்டு கம்பெனிகளின் கிட்டில் ஒரே பிளாஸ்மாவை ஓட்டினால் இரண்டு விடை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று, செல்களை நகரவைத்துப் பார்க்க. 1962இல் ஸ்டீபன் பாய்டன் உருவாக்கிய முறையின் வாரிசுதான் இன்றும் நடக்கிறது. மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை, நடுவே நுண்துளைச் சவ்வு. டி செல் என்றால் 5 மைக்ரோமீட்டர் துளை. மேலே செல்களை விட்டு, கீழே ஐபி-10 கலந்த திரவத்தை ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் 37 டிகிரியில் வைத்துவிட்டுக் கீழே எத்தனை செல் இறங்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள். டி செல்லைச் சும்மா ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து உடனே விட்டால் சரியாக நகராது. சில நாள் தூண்டி வளர்த்தால்தான் சிஎக்ஸ்சிஆர்3 போதுமான அளவு மேலே வரும். இதைச் செய்யாமல் குப்பியைக் குறை சொல்பவர்கள் உண்டு. மேலேயும் கீழேயும் ஒரே அளவு ஐபி-10 ஊற்றிய கிணறு (இப்படி ஒரு ஜோடி அறைகளைக் கிணறு என்பார்கள்) ஒன்றையும் கட்டாயம் வைக்க வேண்டும். அதிலும் செல்கள் அதே எண்ணிக்கையில் இறங்கினால், அவை இழுக்கப்படவில்லை, வெறுமனே துள்ளியிருக்கின்றன என்று அர்த்தம். 'அதிகம் ஊற்றினால் அதிகம் இறங்கும்' என்ற கணக்கும் இங்கே பலிக்காது. ஒரு அளவு வரை ஏறும், அப்புறம் விழும். வரைந்தால் மணி வடிவம் வரும். கீழே 600 மைக்ரோலிட்டரில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்று வைத்தால் ஒரு கிணற்றுக்கு 60 நானோகிராம். 10 மைக்ரோகிராம் குப்பி 160 கிணறு தாண்டி வரும். கேட்க நிறையத் தோன்றும். பல அளவு, ஒவ்வொன்றிலும் மூன்று கிணறு என்று போட்டால் வேகமாகத் தீரும்.

இந்த இரண்டு வேலைக்கும் ஒரே குப்பி போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். என் வாதம் இங்கேதான். அளவைக்குப் பொருந்தும் குப்பி, செல்லை நகர்த்தும் பரிசோதனைக்குப் பயனற்றதாக இருக்கலாம். சில சமயம் எதிர்வேலையும் செய்யலாம். லேபிளில் முதலில் கண்ணில் படும் '98 சதவீதத் தூய்மை' இதைப் பற்றி எதையும் சொல்லாது. ஏன் என்று புரிய, இது தயாராகும் விதம் தெரிய வேண்டும்.

மனித ஐபி-10 மரபணு 98 அமினோ அமிலத்துக்குக் குறிப்பு வைத்திருக்கிறது. முதல் 21, செல்லுக்கு வெளியே அனுப்புவதற்கான முகவரிப் பகுதி. வெளியேறும்போது வெட்டி எறியப்படும். மீதி 77தான் வேலை செய்யும் புரதம், எடை சுமார் 8,600 டால்டன். அந்த 77இன் தலையில், அதாவது சங்கிலி தொடங்கும் முனையில், முதலாவது வேலின், இரண்டாவது புரோலின். லேபிளில் 'வேலின் 22 முதல் புரோலின் 98 வரை' என்று இருப்பதைப் பார்த்து 22இலிருந்து ஏன் தொடங்குகிறது, முன்பாதி இல்லையா என்று குழம்ப வேண்டாம். முழு நீளத்தில் எண்ணியிருக்கிறார்கள்.

இந்த 77க்கான டிஎன்ஏவை ஈ. கோலைக்குள் வைத்தால் அது மூச்சுவிடாமல் உற்பத்தி செய்யும். 1978இல் மனித இன்சுலினை இதே பாக்டீரியாவில் செய்து காட்டிய நாளிலிருந்து பழகிய வழி. ஆனால் கீமோகைன் அதற்குள் ஒழுங்காக மடியாது. கட்டி கட்டியாகத் திரளும். அந்தக் கட்டிகளைப் பிரித்தெடுத்து, குவானிடின் போன்ற கடும் ரசாயனத்தில் முழுவதும் கரைத்து, அப்புறம் மெதுவாக அந்த ரசாயனத்தைக் குறைத்துக்கொண்டே வந்து புரதத்தை மறுபடி மடியவிடுவார்கள். ஐபி-10இல் நான்கு சிஸ்டீன்கள் உண்டு. அவை சரியான ஜோடியோடு சேர்ந்து இரண்டு கந்தகப் பிணைப்புகளை உண்டாக்க வேண்டும். ஜோடி மாறினால் எடை ஒன்றுதான், வேலை இராது. பிறகு குரோமட்டோகிராபித் தூண்களில் சுத்தம் செய்து, குப்பியில் இட்டு, உறையவைத்து உலர்த்துவார்கள்.

தலைவலி தலையில்தான். பாக்டீரியா எந்தப் புரதத்தையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில்தான் தொடங்கும். இரண்டாவது இடத்தில் சிறிய அமினோ அமிலம் இருந்தால், அந்த மெத்தியோனினைப் பாக்டீரியாவின் ஒரு நொதி பெரும்பாலும் நறுக்கிவிடும். அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்தால் நொதியால் ஈடுகொடுக்க முடியாது. மெத்தியோனின் தலையிலேயே தங்கிவிடும். 68 அமினோ அமிலமுள்ள ரான்டிஸ் என்ற கீமோகைனில் இது நடந்தது. ஜெனீவாவில் அமாண்டா பிரவுட்ஃபுட்டின் குழு, தலையில் ஒரே ஒரு மெத்தியோனின் கூடுதலாக ஒட்டிய ரான்டிஸைச் சோதித்து 1996இல் வெளியிட்டது. அது ஏற்பியில் போய் உட்கார்ந்தது. ஆனால் செல் நகரவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உட்கார்ந்த இடத்தை விடாமல், நல்ல ரான்டிஸையும் வேலை செய்யவிடாமல் தடுத்தது. இழுக்க வேண்டிய பொருள் தடுக்கும் பொருளாகிவிட்டது. 68க்கு 69. உற்பத்திக் கோளாறு என்று தூக்கிப் போட்டிருக்க வேண்டியதைத் தடுப்பான் என்று அடையாளம் கண்டுகொண்டது நல்ல அறிவியல்; அதன்பின் அதையே ஏற்பியை அடைக்கும் மருந்துக்கு மாதிரியாக வைத்துப் பல ஆய்வுகள் நடந்தன.

காரணம் எளிது. கீமோகைனின் உடல் ஏற்பியின் வெளிப்பகுதியில் பொருந்துகிறது. தலைமுனை ஏற்பியின் உட்குழிக்குள் போய் அழுத்தினால்தான் செல்லுக்குள் செய்தி போகும். பொருந்துவது வேறு, அழுத்துவது வேறு. எலிசாவில் பிடிக்கும் ஆன்டிபாடி உடலைப் பார்க்கிறது; தலையில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் அதற்குத் தெரியாது.

ஐபி-10இல் ஆபத்து எதிர்ப்பக்கமும் வருகிறது, அதாவது தலை குறைவது. டிபிபி-4 என்ற நொதி, இரண்டாவது இடத்தில் புரோலின் உள்ள புரதங்களைப் பார்த்தால் முதல் இரண்டு அமினோ அமிலத்தையும் சேர்த்து நறுக்கும். ஐபி-10இன் இரண்டாவது இடம் புரோலின். வெட்டுப்பட்டு 75ஆகச் சுருங்கிய ஐபி-10 ஏற்பியில் உட்காரும், ஆனால் டி செல்லை இழுக்காது. முழு ஐபி-10க்கு இடைஞ்சலாக நிற்கும். இந்த நொதி டி செல்லின் மேல்பரப்பிலும் இருக்கிறது, ரத்தத்தில் கரைந்தும் ஓடுகிறது. ஊசியால் எடுத்த ரத்தம் ட்யூபில் காத்திருக்கும்போதும் அது வெட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இது நோயாளியிடம் என்ன செய்கிறது என்பதற்கு 2011இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து ஒரு நல்ல உதாரணம் வந்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் சி நோயாளிகளில், ரத்தத்தில் ஐபி-10 அதிகம் உள்ளவர்களுக்குத்தான் இன்டர்ஃபெரான் சிகிச்சை பலிக்காமல் போனது. டி செல்லை அழைக்கும் பொருள் அதிகம் இருந்தால் நல்லதுதானே நடக்க வேண்டும்? பிரித்துப் பார்த்தபோது, அவர்களிடம் நிறைந்திருந்தது பெரும்பாலும் தலை வெட்டப்பட்ட ஐபி-10. மொத்தத்தை மட்டும் அளந்தவரை புதிராகவே இருந்தது.

டிபிபி-4 என்ற பெயரை நம் ஊரில் கேள்விப்படாதவர்களும் அதன் தடுப்பானைத் தினமும் விழுங்குகிறார்கள். சுகர் மாத்திரைச் சீட்டில் 'கிளிப்டின்' என்று முடியும் பெயர் இருந்தால் அதுதான்: சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின். குடல் ஹார்மோன் ஒன்றை டிபிபி-4 வெட்டாமல் காப்பாற்றி இன்சுலின் சுரக்க உதவுவது இந்த மாத்திரைகளின் வேலை. 2022 ஜூலையில் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து விலை சரிந்தது. நொதியை அடைத்தால் ஐபி-10இன் தலையும் தப்பும் அல்லவா? தப்புகிறது. ஆரோக்கியமானவர்களுக்குச் சிட்டாகிளிப்டின் கொடுத்துப் பார்த்ததில் வெட்டுப்பட்ட ஐபி-10 குறைந்ததை 2016இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, எலிகளில் அதே மாத்திரை கட்டிக்குள் டி செல் நுழைவதைக் கூட்டியது.

சுகர் உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. வடசென்னையில் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே உடலில், இரண்டும் இருக்கின்றன. ஆகவே இங்கே டிபி நோயாளிகளிடம் ஐபி-10ஐ ஆராயும் எவரும், அந்த நோயாளி எந்தச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் எண்ணை மட்டும் வெளியிட்டால், பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ கிளம்பிவிடக் கூடாது; ஆய்வாளர் குறித்துவைக்க வேண்டியதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

லேபிளுக்குத் திரும்பினால் இப்போது வேறு மாதிரிப் படிக்கத் தோன்றும். புரதங்களை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்து '98 சதவீதம்' என்பது, வேறு புரதம் கலக்கவில்லை என்பதற்குச் சான்று. 8,600 டால்டனில் 196 டால்டன் குறைந்ததையோ, மெத்தியோனின் ஒட்டி 131 கூடியதையோ ஜெல் கண்டுபிடிக்காது. எல்லாம் ஒரே பட்டையாகத் தெரியும். மூலக்கூறின் எடையைத் துல்லியமாகக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அறிக்கை இருந்தால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். 131 கூடினால் மெத்தியோனின், 196 குறைந்தால் வேலினும் புரோலினும் போய்விட்டன என்று கணக்குப் போட்டுவிடலாம். சுத்திகரிப்புக்கு வசதியாக ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களை வாலாகச் சேர்த்த வகை மலிவாகக் கிடைக்கும். அது பின்முனையில் இருந்தால் விசாரித்து வாங்கலாம். தலைமுனையில் இருந்தால் எலிசாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டி செல் பரிசோதனைக்கு நான் வாங்கமாட்டேன். செயல்திறன் என்ற வரியில், சிஎக்ஸ்சிஆர்3 உள்ள செல்களை எத்தனை நானோகிராமில் இழுத்தது என்று எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத குப்பி, அளவைக்கு மட்டும்.

எண்டோடாக்சின் என்று இன்னொரு வரி உண்டு; பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஈ. கோலையின் வெளிச்சுவர்க் கொழுப்பு, புரதத்தோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து செய்த வினைப்பொருளை வைத்து அதை அளப்பார்கள். மோனோசைட்டுகள் அந்தக் கொழுப்பைத் துளியளவு கண்டாலும் கொந்தளித்துப் பல பொருட்களைச் சுரக்கும். சுரப்பவற்றில் ஐபி-10உம் ஒன்று. நாம் ஊற்றிய ஐபி-10இன் விளைவைத் தேடும்போது, அழுக்கு தன் பங்குக்கு ஐபி-10 தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். மைக்ரோகிராமுக்கு 0.1 அலகுக்குக் கீழே என்று இருக்கும் சரக்கையே மோனோசைட் கலந்த பரிசோதனைக்கு எடுக்கலாம்.

மாட்டு ஆல்புமின் சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு வகை விற்பார்கள். இதில் பெரிய தத்துவம் இல்லை. ஐபி-10 பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. நீர்த்த கரைசலில் ஒரு பங்கு ட்யூபின் சுவருக்கே போய்விடும். ஆல்புமின் அந்தச் சுவரை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது. பரிசோதனைக்கு ஆல்புமின் இடைஞ்சல் என்றால் மட்டும் சேர்க்காததை வாங்கி, குறைவாக ஒட்டும் ட்யூபில் வைக்கலாம்.

குப்பி வந்ததும் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட வேண்டும், மூடியில் ஒட்டிய தூள் கீழே இறங்க. லேபிள் சொன்ன திரவத்தில், பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அடர்த்தியில், குலுக்காமல் கரைக்க வேண்டும். கரைந்ததை உடனே பத்துப் பதினைந்து சிறு ட்யூபுகளில் பிரித்து மைனஸ் 80இல் வைத்துவிட்டு, ஒவ்வொரு ட்யூபையும் ஒரே ஒரு முறை எடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனசு வராது. 'அடுத்த வாரத்துக்கு ஆகும்' என்று மறுபடி உறையவைத்தவர்களின் வரைபடம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வதைப் பார்க்கலாம். மே மாதத்தில் கரன்ட் போய் ஜெனரேட்டர் எழும்பத் தாமதமாகும் நேரங்களில் ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருப்பதே பெரிய உதவி; எத்தனை டிகிரிக்கு ஏறியது என்று நோட்டில் எழுதுவது இன்னொரு உதவி.

நோயாளியின் ரத்தத்துக்கும் இதே கறார் வேண்டும். முழு ஐபி-10 எவ்வளவு, வெட்டுப்பட்டது எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்ப்பதென்றால் டிபிபி-4 தடுப்பான் முன்பே போட்ட ட்யூபில் ரத்தம் எடுக்க வேண்டும். இருபது நோயாளிகள் வரிசையில் நிற்கும் காலை நேரத்தில், சாதாரண ட்யூபும் இதுவும் மாறிப்போகாமல் ஸ்டிக்கர் ஒட்டிவைக்க வேண்டும். எடுத்த நேரம், பிளாஸ்மா பிரித்த நேரம், ஃப்ரீசருக்குள் போன நேரம் மூன்றும் படிவத்தில் வர வேண்டும். சுகர் மாத்திரையின் பெயரைக் கேட்டால் "வெள்ளையா, நீளமா இருக்கும்மா, காலையில ஒண்ணு" என்றுதான் பலர் சொல்வார்கள். அதனால் முந்தின நாளே போன் போட்டு, "நாளைக்கு வரும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிடுவது வேலையைச் சுலபமாக்கும்.